பிரேக் பிடித்தால் கத்தும் வண்டி

ஜாஸ்மின்: பிரேக்கைப் புடிங்கண்ணா.

சென்றாயன்: வேண்டாம் பாப்பா.

ஜாஸ்மின்: புடிச்சாத்தான எனக்குத் தெரியும்.

சென்றாயன்: ரோடே திரும்பிப் பாக்கும்.

அன்பரசி: பாக்கட்டுங்க. நம்ம ஊருல எல்லாரும் பாத்து முடிச்சாச்சு. காரிமங்கலத்துல மட்டுந்தான் பாக்கி.

சென்றாயன்: நீ சும்மா இரு அன்பு. பொண்டாட்டி மாதிரியா பேசற... உங்க அத்தா பட்டறையில இல்லியா பாப்பா?

ஜாஸ்மின்: தருமபுரிக்கு ஸ்பேர் வாங்கப் போயிருக்காரு. இருந்தாலும் வயரிங்னா எங்கிட்டதான் தள்ளி விடுவாரு. எட்டு வருசமா நான்தான் பாக்கறேன். புடிங்க.

சென்றாயன்: அப்ப காதைப் பொத்திக்கங்க.

ஜாஸ்மின்: ...போதும், போதும். வுடுங்க. எதுத்த பேக்கரிக்காரரு டீக்கரண்டியோட வெளிய வந்துட்டாரு பாருங்க.

அன்பரசி: போன வாரம் ஏரியூர்ல எங்க பெரியப்பா எழவு. பாடையத் தூக்கற நேரம் பாத்து, வண்டிய ஓரங்கட்டலாம்னு இவரு பிரேக்கைத் தொட்டாரு...

சென்றாயன்: அதை எதுக்கு இப்ப...

அன்பரசி: ஒப்பாரி வெச்சவங்க அத்தன பேரும் நிறுத்திட்டாங்க ஜாஸ்மின். மேளக்காரரு மட்டும் கொஞ்ச நேரம் கூடவே அடிச்சாரு.

ஜாஸ்மின்: அலாரம் யாருண்ணா மாட்டுனது?

சென்றாயன்: நான்தான். ஆன்லைன்ல வாங்கி, வீடியோ பாத்து.

ஜாஸ்மின்: வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?

சென்றாயன்: வயரைப் பத்திப் பேச ஆரம்பிச்சான். அங்க கொஞ்சம் ஓட்டி விட்டேன்.

ஜாஸ்மின்: அதான். சைரன் வயரைக் கொண்டு போய் பிரேக் லைட் வயருல முடிச்சுப் போட்டிருக்கீங்க. நீங்க பிரேக் புடிச்சா, வண்டி திருடன்னு கத்துது.

அன்பரசி: தப்பாச் சொல்லுதுன்னு சொல்ல முடியாது.

சென்றாயன்: ஹெட்லைட்டும் அப்பப்ப செத்துப் போவுது பாப்பா. செல்ப்பும் எடுக்கல. கிக்கர் ஒதச்சு ஒதச்சு முட்டியே போச்சு.

ஜாஸ்மின்: எர்த் வயரைப் பெயின்ட் மேல வெச்சு முறுக்கியிருக்கீங்களே. பெயின்ட்டைச் சுரண்டிட்டு இல்ல முறுக்கணும்? அலாரம் நேரா பேட்டரியில இருந்து நாள் பூரா இழுக்குது. பேட்டரி எந்திரிக்கவே முடியாமக் கெடக்குது. சரி... ஃபியூஸ் எங்க?

சென்றாயன்: அங்கதான் இருக்கும்.

ஜாஸ்மின்: இங்க சாக்லேட் ஜிகினாப் பேப்பர் சுத்தி வெச்சிருக்குது.

சென்றாயன்: முந்தாநேத்து ஃபியூஸ் போயிடுச்சு. அவசரத்துக்கு வெச்சேன்.

ஜாஸ்மின்: அண்ணா, இதுல கை வெச்சுப் பாருங்க. வயரு மேலிருக்கற ரப்பரு உருகிக் கெடக்குது. இதுக்கு மேல நாலு விரக்கட தள்ளி பெட்ரோல் டேங்கு. அக்காவப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுத்தான வந்தீங்க?

சென்றாயன்: ...ஆமா.

ஜாஸ்மின்: இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ரெண்டு பேரும் சேந்து எரிஞ்சிருப்பீங்க.

அன்பரசி: அலாரம் கத்தியிருக்கும் இல்ல?

ஜாஸ்மின்: அதுக்கு வயரு வேணுமேக்கா. சரி, இதெல்லாம் எதுக்குண்ணா? வண்டிய எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா?

சென்றாயன்: தூக்கல. எடுத்து ஓட்டிட்டுத் திருப்பி வெக்கறான்.

ஜாஸ்மின்: நல்ல திருடனா இருக்கானே.

சென்றாயன்: சிரிக்காத பாப்பா. நான் காலைல அஞ்சரைக்குக் கம்பெனி பஸ்ஸுல ஓசூர் போயிடறேன். வண்டி வூட்லதான் நிக்குது. வந்து பாத்தா மீட்டரு பத்து கிலோமீட்டர் ஏறியிருக்குது, பெட்ரோல் எறங்கியிருக்குது. மூணு மாசமா.

ஜாஸ்மின்: சாவி?

சென்றாயன்: வூட்டுக்குள்ள ஆணியில தொங்குது. அலாரம் ரிமோட்டு மட்டும் எங்கூடவே இருக்குது.

ஜாஸ்மின்: அக்கா எங்க இருக்காங்க?

சென்றாயன்: அவளும் வூட்லதான் இருக்கா. அதான் எனக்கே புரியல. பக்கத்து வூட்டு தங்கராஜ் டூப்ளிகேட் சாவி போட்டிருப்பான். அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பேசறதையே நிறுத்திட்டேன்.

அன்பரசி: அந்த மனுசன் பாவங்க.

சென்றாயன்: உனக்கு எல்லாரும் பாவம்.

ஜாஸ்மின்: அண்ணா... சீட்டுக்கடியில ஒரு சின்ன சுவிட்ச் இருக்குதே. இதுவும் நீங்க போட்டதா?

சென்றாயன்: சுவிட்சா?... ஆமா. நான்தான்.

ஜாஸ்மின்: நல்லாப் போட்டிருக்கீங்களே. ஈயம் ஊத்தி, மேல ரப்பர் சிலீவ் ஏத்தி, பிளாஸ்டிக் டை கட்டி... மத்த வயரெல்லாம் கோழி கெளறுன குப்பை மாதிரி கெடக்குது, இது மட்டும் இத்தினி சுத்தமா இருக்குது.

சென்றாயன்: அது கடைசியாப் போட்டேன். அதுக்குள்ள கை பழகிடுச்சு.

அன்பரசி: எங்க வூட்டுக்காரருக்கு இப்படியெல்லாம் வேலை தெரியும்னு எனக்கே தெரியாது.

சென்றாயன்: நீ எங்க கவனிச்ச.

ஜாஸ்மின்: எதுக்குப் போட்டீங்க இதை?

சென்றாயன்: ஒரு... சேப்டிக்கு.

ஜாஸ்மின்: இதைத் தட்டுனா அலாரம் மொத்தமும் ஆஃப் ஆயிடுது. ரிமோட்டே வேண்டாம், சாவி போட்டா வண்டி கம்முனு ஸ்டார்ட் ஆவும். பிரேக் புடிச்சாலும் கத்தாது. திருடனுக்குன்னே அளவெடுத்துத் தெச்சுக் குடுத்த மாதிரி இருக்குது. இதுவா சேப்டி?

சென்றாயன்: கத்தாதா?

ஜாஸ்மின்: கத்தாது. நீங்கதான போட்டீங்க, தெரியாதா?

சென்றாயன்: பாப்பா... நெசத்தைச் சொல்றேன். அதை நான் போடல. தங்கராஜ் வேலைதான் இது. இன்னிக்கி அவனை...

அன்பரசி: தங்கராஜ் அண்ணன வுடுங்க. நான்தான் போடச் சொன்னேன்.

சென்றாயன்: நீயா? யாரை வுட்டு?

ஜாஸ்மின்: என்னை வுட்டு.

சென்றாயன்: ரெண்டு பேரும்... இவ்ளோ நேரம்...

ஜாஸ்மின்: நீங்க போட்ட வயருல நான் கை வெக்கலண்ணா. தொட்டா உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு அக்கா சொன்னாங்க. அப்ப ஃபியூஸ் நல்லா இருந்துச்சு. சாக்லேட் பேப்பர் எனக்கும் புதுசு.

சென்றாயன்: அப்ப அந்தப் பத்து கிலோமீட்டரு...

அன்பரசி: நான்தான். சந்தை இல்லாத நாள்ல சந்தை மைதானத்துல ஜாஸ்மின் ஓட்டக் கத்துக் குடுத்துச்சு.

சென்றாயன்: கியர் வண்டிய? நீயா?

அன்பரசி: ஏன், கியருக்கு மீசை வேணுமா?

சென்றாயன்: எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா?

அன்பரசி: கேட்டேன். உங்க அக்கா கோகிலா முன்னாடி வெச்சுக் கேட்டேன். இவளுக்கு சைக்கிள்ல உக்காந்தாலே தலை சுத்தும்னு சொல்லிச் சிரிச்சீங்க. அவங்களும் சிரிச்சாங்க. அன்னிக்கி சாம்பாரை நான் எடுத்து ஊத்தாம உள்ள போயிட்டேன். அதுகூட உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

சென்றாயன்: ...வெளையாட்டுக்குச் சொன்னது.

அன்பரசி: எனக்கு வெளையாட்டா இல்லீங்க. தையல் யூனிட்ல சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேக்கறாங்க. ஏழு ஊருக்குத் துணி குடுத்துத் திருப்பி வாங்கணும். வண்டி ஓட்டத் தெரியணும், லைசென்ஸ் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. எல்.எல்.ஆர். எடுத்துட்டேன். நாளைக்குக் காலைல டெஸ்ட்டு.

சென்றாயன்: நாளைக்கா?

ஜாஸ்மின்: அதான் உங்களை வண்டியோட இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொன்னேன். இல்லன்னா நீங்க லீவு நாள்ல இன்னொரு வீடியோ பாத்திருப்பீங்க.

சென்றாயன்: லைசென்ஸ் என்ன சும்மாக் குடுக்கறாங்களா? எட்டு போடணும். ஒரு தடவ காலை ஊனுனாப் போதும், எறங்கும்மான்னு சொல்லிடுவாங்க.

அன்பரசி: அறுவது தடவ போட்டுப் பாத்திருக்கேன். கடைசி நாப்பதுல ஊனல.

சென்றாயன்: இங்க போடறது வேற. அங்க பத்துப் பேரு நின்னு பாப்பாங்க, காலு தானா எறங்கிடும்.

அன்பரசி: உங்களுக்கு எத்தினியாவது தடவைல கெடச்சுது?

சென்றாயன்: எனக்கா?... அதெல்லாம் முந்தியே. ஒரே தடவைல.

ஜாஸ்மின்: அப்ப நாளைக்கு நீங்களே கூடப் போங்கண்ணா. எல்.எல்.ஆர். வெச்சிருக்கறவங்க ரோட்ல ஓட்டுனா பின்னாடி லைசென்ஸ்காரங்க இருக்கணும். இத்தினி நாள் நான் உக்காந்தேன். நாளைக்குக் கடையில ரெண்டு வண்டி டெலிவரி இருக்குது.

சென்றாயன்: நாளைக்கு எனக்குக் கம்பெனி...

அன்பரசி: நாளைக்கு வியாழக்கெழம, உங்களுக்கு வார லீவு.

சென்றாயன்: ஓவர்டைம் கேட்டிருக்காங்க.

அன்பரசி: நேத்து லீவுன்னுதான சொன்னீங்க?

ஜாஸ்மின்: செக்கிங்ல கேட்டா லைசென்ஸைக் காட்டணும், மறக்காம எடுத்துக்கங்க. இங்க கொஞ்சம் காட்டுங்க, சின்ன வயசு போட்டோவுல எப்படி இருந்தீங்கன்னு பாக்கறேன்.

சென்றாயன்: பர்சு வூட்ல இருக்குது.

அன்பரசி: பர்சு உங்க பாக்கெட்ல பொடைச்சுட்டு நிக்குது.

சென்றாயன்: அதுல... சில்லறைதான் இருக்குது.

அன்பரசி: ஏங்க... பதினாறு வருசமா என்னைப் பின்னாடி வெச்சு ஓட்டறீங்க.

சென்றாயன்: ஜாஸ்மின், உன் டெலிவரிய மதியத்துக்குத் தள்ளி வெச்சுட்டு நீயே இவகூடப் போ பாப்பா. நான் பஸ்ஸுல வந்து ஓரமா நின்னு பாக்கறேன்... டெஸ்ட்டுக்கு ரெண்டு தடவ போனேன் அன்பு. ரெண்டு தடவையும் காலை ஊனிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல.