ஊஞ்சலுக்கு ஏற்ற விட்டம்

மே மாதம் பிறந்துவிட்டால் நியூ ஆர்லியன்ஸில் பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துவிட வேண்டும், ஐயா. வெளிச்சம் கண்டால் ஈசல் உள்ளே வரும். ஈசல் இறகு உதிர்த்த வீட்டில் கரையான் குடியேறும். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் குரல் கொடுப்பவள் நான்தான். முதல் குரல் எதிர்வீட்டு டெல்ஃபினுக்கு. பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி.

எங்களுடையது முழுக்க மர வீடு. என் கணவர் அல்சீட் அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சுவரோரம் மண்கோடு ஏறுகிறதா, பெயின்ட் கொப்பளிக்கிறதா, கூரைத் தண்ணீர் மரத்தில் சொட்டுகிறதா என்று பார்ப்பதெல்லாம் என் வேலை. திருப்புளிக் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கெட்டியாகக் கேட்கும். அரித்த மரம் காலி டப்பாதான்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாத அந்தியில், தெருவை இருட்டாக்கிவிட்டுத் திரும்பினேன். எங்கள் மாடி பால்கனியில் பேச்சுக்குரல்.

"உன் பொண்டாட்டி ரொம்ப நல்லவப்பா. நமக்காகத் தெருவையே இருட்டாக்கித் தர்றா," என்றாள் டெல்ஃபின்.

அல்சீட் சிரித்தார். முத்தத்தைக்கூட மன்னித்திருப்பேன்.

நான் சண்டை போடவில்லை. ஊர் வழக்கப்படி திங்கட்கிழமை தவறாமல் அவருக்குச் சிவப்பு பீன்ஸும் சோறும் சமைத்துப் போட்டேன். அந்த மழைக்காலத்தில் பால்கனி விட்டத்தில் மண்கோடு பார்த்தேன். வழக்கமாக அன்றைக்கே மருந்தடிக்க ஆள் கூப்பிடுவேன். கூப்பிடவில்லை. கூரைக்குழாய் ஒழுகியதையும் அடைக்கவில்லை. ஈரம் இருந்தால் கரையான் நன்றாகச் சாப்பிடும்.

கடைசியில் அல்சீட்டே பிரிந்துவிடலாம் என்றார். வீட்டை அவருக்கே விட்டுக்கொடுத்தேன். கிளம்பும் முன் மண்கோட்டைச் சுரண்டி, விட்டத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்தேன்.

"விட்டுட்டுப் போற வீட்டுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார்.

"புதுப்பொண்ணு வர்ற வீடு. பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

கல்யாணப் பரிசாக ஓர் ஊஞ்சல் வாங்கிப் போனேன். டெல்ஃபின் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஓடீல், உன் மனசு யாருக்குடி வரும்? இதை எங்க மாட்டட்டும், நீயே சொல்லு."

"பால்கனியில, அந்த ஓரத்து விட்டத்துல மாட்டு. ஆத்துக்காத்து நல்லா வரும்."

போன ஞாயிற்றுக்கிழமை விட்டமும் கூரையும் கைப்பிடிச் சட்டமும் சேர்ந்து கீழே இறங்கின. டெல்ஃபின் பிழைக்கவில்லை.

கொலை என்கிறீர்கள். நான் யாரையும் தொடக்கூட இல்லை. அரித்தது கரையான், மாட்டியது அவர்கள். ஆனாலும் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். கடையில் ஒற்றை ஊஞ்சல்களும் இருந்தன. இருவர் உட்காரும் ஊஞ்சல்தான் வேண்டுமென்று நான் கேட்டு வாங்கினேன். அவளுக்குக் காபி எடுத்துவர அல்சீட் எழுந்து உள்ளே போவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் எனக்கு ஒரு வாய் காபி கொண்டுவந்து தந்தவரில்லை அவர்.