மூன்றாவது பேரிங்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பழக்கம் உண்டு. காரை நிறுத்திவிட்டுப் போகும்போது நாலு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். ஓட்டும்போது ரோட்டைப் பார்க்க மாட்டார்கள், மீட்டரைப் பார்ப்பார்கள். சாத்தப்பன் அண்ணனுக்கு இரண்டும் இருந்தன. நல்ல மனிதர்தான், ஆனால் ஓய்வுபெற்ற ஆடிட்டர். எண் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை.

இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்லதாகப் போயிற்று. மலாய் மொழியில் நான் சாமான் வாங்குவேன், சண்டை போடுவேன். உள்ளதை உள்ளபடி சொல்லத் தமிழ்தான் வரும்.

என் பெயர் ரபேல். தம்போயில் இருபத்தெட்டு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பேன். எங்கே நோவு என்று எஞ்சினே சொல்லிவிடும். 'ரபேல் காது' என்று பழைய கார்க்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சே உண்டு. நானாகப் பரப்பியது அல்ல. மறுத்ததும் இல்லை.

அண்ணனுடைய 1961 மோரிஸ் மைனரின் எஞ்சினைப் பிரித்துப் புதுசாகக் கட்டிக் கொடுத்தது நான்தான். அந்தக் காரில் ஆயில் பிரஷருக்கு ஒரு சின்ன விளக்கு மட்டும்தான் வரும். அது போதாது என்று அண்ணன் இணையத்தில் ஒரு மீட்டர் வாங்கி, விளக்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டச் சொன்னார். மாட்டினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பழைய கார்க்காரர்கள் கூடும் சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். பதினோரு பேர் இருந்தார்கள். நான் நாற்காலியை இழுப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார்.

"ரபேலு, சூடான பிறகு பிரஷர் எட்டுக்கு இறங்கிடுது. பதினஞ்சாவது இருக்கணும்னு புக்குல போட்டிருக்கு. பேரிங்கா இருக்குமோ?"

பக்கத்தில் காளியப்பன் இருந்தான். இரண்டு பழைய கார் வைத்திருக்கிறான், இரண்டும் ஓடாது. "மீட்டரே சொல்லிடுச்சு லா. இனி ரபேல் காது எதுக்கு? பென்ஷன் குடுத்துடலாம்," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். இரண்டு நிமிடம் கேட்டிருப்பேன். பிறகு நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு, "எஞ்சின் சுத்தம்ணே. மீட்டர்தான் பொய் சொல்லுது," என்றேன். காளியப்பன் திரும்பித் தன் நாற்காலிக்கே போனான்.

ஆயில் பிரஷர் விழுந்தால் பார்க்க வேண்டியவை நாலைந்துதான், ஐயா. ஆயில் தண்ணீராகி இருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பேரிங்கில் இடைவெளி கூடியிருக்கலாம். எதையும் தொடுவதற்கு முன், வேறு ஒரு மீட்டரை எஞ்சினில் நேராகத் திருகி, முதல் மீட்டர் சொல்வது மெய்யா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. அப்படி ஒரு மீட்டர் என் அலமாரியில் இருக்கிறது. எடுக்கவில்லை. அதை எடுத்தால் என் காதை நானே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை அண்ணன் காரை விட்டுவிட்டுப் போனார். ஆள் இல்லாத நேரம் பார்த்து எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை இறக்கினேன். நாலு பேரிங்கில் மூன்று சரி. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் மட்டும் ஓர் அளவு மெலிது. இரண்டு மூன்று தாள் தடிமன்தான் வித்தியாசம். கட்டும்போது பெட்டி மாறியிருக்கிறது, அது யாருக்கும் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை 'சுத்தம்' என்று வாயால் சொன்னபோதும் நான் காதில் கேட்டது இந்த மூன்றாவதைத்தான். அடியில் படுத்தபடியே அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. மீட்டர் வெறும் எட்டு என்றது. எந்தப் பேரிங் என்று சொல்ல அதற்கு வக்கு உண்டா?

பேரிங்கை மட்டும் மாற்றினால் தீராது. அது சுற்றும் கிராங்க் தண்டிலும் கோடு விழுந்துவிட்டது. எஞ்சினை இறக்கி, கிராங்க்கைச் செனாயில் இருக்கும் பட்டறையில் மறுபடி தீட்டக் கொடுக்க வேண்டும். அங்கே கொடுத்தால் மறுநாளே காளியப்பனுக்குத் தெரிந்துவிடும். ஆகவே தொட்டியைத் துடைத்து மாட்டினேன். கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினேன். மீட்டருக்குப் போகும் ஒயரில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சாமான் வைத்தேன். அதன் பிறகு முள் நாற்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. கார் நசுங்கியதில் உங்கள் ஆட்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. மீட்டருக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். பிரித்துப் பாருங்கள்.

அண்ணனுக்கு அவ்வளவு நிம்மதி. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"எஞ்சின் ஆஃப்ல இருக்கு, சாவியத் திருப்புனதுமே முள் ஏறி நிக்குதே?"

"புது எஞ்சின்ணே. பிரஷர் உள்ளயே தங்கி நிக்கும்."

நாற்பது வருடம் பிறர் கணக்கில் ஓட்டை தேடியவர் இதைக் கேட்டுத் தலையாட்டினார். எண் நல்ல எண்ணாக இருந்தால் ஆடிட்டரும் கேள்வி கேட்க மாட்டார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை பெக்கோக்கில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் புறப்பட்டு, வழியில் என்னிடம் வந்தார்கள். அண்ணனின் மனைவி மீனாள் ஆச்சி ஒரு டப்பா சீப்புச் சீடை கொடுத்தார். அண்ணன் காரைச் சுற்றி வந்தார்.

"நெடுஞ்சாலை ரபேலு. பேசாம மைவியில போயிடலாமா?"

அந்த இடத்தில் நான் 'சரிண்ணே' என்று சொல்லியிருக்கலாம். அவர் வீடு பத்து நிமிடத் தூரம்தான், அவருடைய இன்னொரு கார் மைவி அங்கே சும்மா நின்றது. ஒரு வார்த்தை போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் கட்டிக் கொடுத்தவனே மைவியில் போங்கள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கடையில் சொல்லாமல் இருப்பாரா?

"மோரிஸ்லயே போங்கண்ணே. எதுக்குக் கட்டுனோம்?"

ஆச்சி என்னைப் பார்த்தார். "நீ காதுல வச்சுக் கேட்டியா தம்பி?"

"கேட்டேன் ஆச்சி."

"அப்பப் போதும். இவுக மீட்டரை நான் நம்பலை, உன்னைத்தான் நம்புறேன். ஏறுங்க, நேரமாச்சு."

கார் முனையில் திரும்பி மேட்டில் ஏறியபோது எனக்குக் கேட்டது. டக், டக் என்று, மெல்லிசாக. மூன்றாவதேதான். கெட்டி ஆயிலையும் மீறி, அறுபது எழுபது அடிக்கு அப்பாலிருந்து, பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருக்கும்போது கேட்டது. அண்ணனின் கைபேசி எண் என்னிடம் இருக்கிறது. கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போய்ச் சீடை தின்றேன்.

சிம்பாங் ரெங்கம் தாண்டி எஞ்சின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தது. ஆச்சி அங்கேயே போய்விட்டார். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உங்களிடம் எனக்காகத்தான் பேசியிருக்கிறார். கடைசி வரைக்கும் முள் நாற்பதில் நின்றது, ரபேல் மேல் தப்பில்லை என்று.

என் வக்கீல் கமலநாதன் கெட்டிக்காரர். அளவு தப்பிய பேரிங்கை நீங்கள் எடுத்துவிட்டதால் இதைக் கவனக்குறைவு என்று முடித்துவிடலாம் என்றார். என்னை டாக்டரிடம் கூட்டிப்போய்க் காதைச் சோதித்து, வலது காது பாதிதான் வேலை செய்கிறது என்று ஒரு தாளும் வாங்கிவிட்டார். "அங்கிள், சத்தம் எனக்குக் கேக்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்காததைக் கேட்டதாகவோ, கேட்டதைக் கேட்கவில்லை என்றோ பொய் சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கேட்டது, சனிக்கிழமையும் கேட்டது. தெரிந்துதான் அனுப்பினேன். தண்டனை எதுவானாலும் சரி. அந்த டாக்டர் தாளை மட்டும் கோர்ட்டில் அந்தக் கடைப் பதினோரு பேர் முன்னால் வாசித்துவிடாதீர்கள்.

நான் சொன்னால் நம்புவார்களோ மாட்டார்களோ. ஆச்சி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் சாட்சிக் கூண்டில் ஏறி, ரபேல் காது ஒருநாளும் தப்பாது என்று சத்தியம் செய்திருப்பார்.