பின்விளக்கில் மூன்று விரல்கள்

தசரதன்: ஓரமா நிறுத்து. இன்னும் ஓரமா... ஆங். இன்னாப்பா இது, பின்னாடி?

பாஸ்கல்: லைட்டு சார்.

தசரதன்: லைட்டா? கரி பூசின மாதிரி கீது.

பாஸ்கல்: ஃபிலிம் ஒட்டிகீறேன் சார். ஸ்டைலுக்கு. ஆவடி பக்கம் எல்லாரும் இப்படித்தான் ஓட்டிகினு போறாங்கோ.

லூர்தம்மாள்: நல்லா கேளு நைனா. நான் சொன்னா, மாமியார் பேச்சுதானேன்னு காதுலயே போட்டுக்க மாட்டாரு.

தசரதன்: மாமியாரா? மாமியாரைப் பின்சீட்டுல வச்சிகினா இந்த வேலை?

பாஸ்கல்: அத்தே, நீங்க கொஞ்சம் சும்மா...

தசரதன்: அவங்க பேசட்டும். நீ பிரேக் புடிக்கிறது உனக்குத் தெரியும். பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு? தந்தி அடிப்பியா? செகப்பு தெரிஞ்சாதான் அவன் வேகத்தைக் கொறைப்பான். தெரியலன்னா மொத அடி யாருக்கு?

லூர்தம்மாள்: எனக்குத்தான். இவருக்கு முட்டியில லேசா சிராய்க்கும், அவ்ளோதான்.

பாஸ்கல்: அத்தே!

தசரதன்: சட்டத்துலயும் பின்னாடி செகப்புன்னுதான் கீது. உன் இஷ்டத்துக்குக் கறுப்பு ஆக்க முடியாது. வண்டி ஸ்டேஷனுக்கு வரட்டும்.

பாஸ்கல்: சார், சார்... இன்னிக்கு வேணாம் சார். எங்க மச்சான் பால்ராஜு, இவங்க புள்ள, காட்டுப்பாக்கத்துலேர்ந்து வந்து, கோவில்பதாகையில எங்க ஊட்ல காத்துகினு கீறாரு. அத்தைக்குக் கை சரியாயிட்டா இன்னிக்கே கூட்டிகினு போறாராம்.

லூர்தம்மாள்: அவன் கெடக்கிறான். நீ மெதுவா விசாரி நைனா. ஒரு அவசரமும் இல்ல.

தசரதன்: ஏம்மா, புள்ள ஊட்டுக்குப் போக மனசில்லியா?

லூர்தம்மாள்: புள்ளையும் நல்லவன், மருமகளும் நல்லவ. காலையில ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா நான் செவுத்தோடதான் பேசணும். இங்கன்னா... சரி, அதை விடு. கை ஆறாம எப்படிப் போறது?

தசரதன்: கைக்கு இன்னா ஆச்சு?

லூர்தம்மாள்: வழுக்கி வுழுந்துட்டேன். தொட்டா உயிர் போவுது.

தசரதன்: இப்போ எங்கேர்ந்து வரீங்க?

பாஸ்கல்: பூந்தமல்லி வைத்தியர்கிட்ட கட்டு மாத்திகினு...

லூர்தம்மாள்: சினிமா பாத்துட்டு...

தசரதன்: யாராவது ஒருத்தர் சொல்லுங்க.

பாஸ்கல்: வைத்தியர் பூட்டிகினு போயிட்டாரு சார். வந்தது வந்தோமேன்னு...

தசரதன்: சினிமாவுக்குப் போயிட்டீங்க.

லூர்தம்மாள்: போன ஞாயித்துக்கிழமையும் பூட்டிதான் இருந்துச்சு. பாவம், அவருக்கு இன்னா கஷ்டமோ.

தசரதன்: அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை?

பாஸ்கல்: ...அன்னிக்கும் பூட்டிதான் சார்.

தசரதன்: அதான் கட்டு இவ்ளோ அழுக்கா கீதா? சரி, எனக்கு எதுக்கு. லைட்டைப் போடு. பிரேக்க மிதி... நல்லா மிதி... ஐயையோ!

பாஸ்கல்: இன்னா சார்?

தசரதன்: உள்ள விரலுப்பா! எலும்பு! ஒண்ணு... ரெண்டு... மூணு விரல் செகப்பா நீட்டிகினு கீது!

பாஸ்கல்: அது... எக்ஸ்ரே ஃபிலிம் சார். பழசு. யாரோடதோ...

லூர்தம்மாள்: யாரோடது? நவுரு நைனா, நான் பாக்குறேன்.

பாஸ்கல்: குனியாதீங்க அத்தே, கை வலிக்கும்...

லூர்தம்மாள்: இந்த விரல்ல வளையம் மாதிரி ஒண்ணு... ஏசுவே! என் கல்யாண மோதிரம்! சோப்பு போட்டும் கழட்ட முடியலன்னு அதோட சேத்துப் படம் புடிச்சாங்களே!

தசரதன்: உன் கையாம்மா இது?

லூர்தம்மாள்: பீரோ மேல தேடினேன், பாய்க்கு அடியில தேடினேன், அரிசி டின்னுக்குள்ள கூட கையை வுட்டுத் தேடினேன். பால்ராஜு வேற எக்ஸ்ரே எங்க, எக்ஸ்ரே எங்கன்னு கேட்டுகினே கீறான். மாப்ள! இங்கயா கீது?

தசரதன்: லைட்டு மேல மீசை வரைஞ்சவன் வண்டியப் புடிச்சிகீறேன், நடிகை படம் ஒட்டினவனைப் புடிச்சிகீறேன். மாமியார் கையை லைட்டுல மாட்டிகினு ஊர் சுத்துறவனை இன்னிக்குத்தான் பாக்குறேன். சிரிப்பு காட்டாதப்பா. கழட்டு. இங்கயே, என் கண்ணு முன்னால.

பாஸ்கல்: சாவியால சுரண்டுனா லைட்டுல கீறல் வுழும் சார்...

தசரதன்: வுழட்டும்.

லூர்தம்மாள்: நவுருங்க. உங்களுக்கு எதுதான் ஒழுங்கா வருது? ஓரத்துல நகத்தை வச்சி இப்படி நெம்பி... இப்படி இழுத்தா... ஆங், வந்துடுச்சு பாருங்க.

தசரதன்: எம்மா.

லூர்தம்மாள்: இன்னா நைனா?

தசரதன்: தொட்டா உயிர் போவுதுன்னியே... அந்தக் கையாலதான் உரிச்சே.

லூர்தம்மாள்: ...அவசரத்துல மறந்துட்டேன்.

தசரதன்: நான் ஒண்ணும் பாக்கல. மாப்ளயும் மாமியாரும் நல்லா சேந்தீங்க. இப்போ பிரேக்க மிதிப்பா... பாத்தியா, இன்னா செகப்பு! கெளம்பு. இன்னொரு தபா பாத்தேன், வண்டி என்கிட்டதான். அங்க எவன்டா அது, பின்லைட்டே இல்லாம போறவன்... ஏய், நில்லு! நில்லுடா!

பாஸ்கல்: ...போயிட்டாரு. ஏறுங்க அத்தே. மச்சான் காத்துகினு இருப்பாரு.

லூர்தம்மாள்: இதை எதுக்கு வெட்டி ஒட்டுனீங்க? ஸ்டைலுன்னு என்கிட்ட சொல்லாதீங்க. சட்டைக்குப் பித்தான் ஒழுங்காப் போடத் தெரியாது உங்களுக்கு.

பாஸ்கல்: எலும்பு உடையல, சுளுக்குதான், நாலஞ்சு நாள்ல சரியாயிடும்னு டாக்டர் அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. படம் ஊட்ல கெடந்தா உங்க பொண்ணு அருள்செல்வி எடுத்து அவ அண்ணன்கிட்ட குடுத்துடுவா. கிழிச்சுப் போட்டா குப்பையில பாத்துடுவா. அதான்... யாரும் பாக்காத எடமா...

லூர்தம்மாள்: யாரும் பாக்காத எடமா! பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவுல பாக்காதவன் எவன் கீறான்?

பாஸ்கல்: சிரிக்காதீங்க. நீங்க காட்டுப்பாக்கம் போயிட்டா, ஞாயித்துக்கிழமை நான் யார்கூட சினிமாவுக்குப் போவேன்? உங்க பொண்ணு பேர் போடும்போதே தூங்கிடுவா. உங்ககூடன்னா திரும்பி வரும்போது கதைய இன்னொரு தபா பேசலாம்... ஆனா அந்த லாரி விசயம்... சத்தியமா எனக்குத் தோணல அத்தே. பின்னாடி நீங்கதானே உக்காந்துகினு வந்தீங்க. கோவமா?

லூர்தம்மாள்: இந்த ஃபிலிம் என்கிட்டயே இருக்கட்டும். இந்தக் கட்டையும் அவுத்து விடுங்க, வெயிலுக்கு அரிக்குது. பால்ராஜுகிட்ட கை நல்லாயிடுச்சுன்னே சொல்றேன். நல்லாயிட்டாலும் உன்கூட வரல, எப்பவாவது வந்து பாத்துட்டுப் போடான்னும் சொல்றேன்.

பாஸ்கல்: நெசமாவா? இத்தினி நாளு கட்டுப் போட்டுகினு நடிச்சதைக் கேட்டா?

லூர்தம்மாள்: கேக்கட்டும். அன்னிக்கு டாக்டர் உங்ககிட்ட சொன்னப்போ நானும் திரைக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன் மாப்ள. ஊட்டுக்குப் போனதும் சொல்லிடுவீங்கன்னு பொட்டியக்கூட கட்டி வச்சேன்... நீங்க வாயே தொறக்கல. அப்பதான் முடிவு பண்ணேன், இந்தக் கை இப்போதைக்கு ஆறக்கூடாதுன்னு.