பங்கு பிரியாத கோட்டை

எங்கள் கோட்டையில் மூன்று சமையலறைகள் இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பது வழக்கம்.

மடத்துத் தலைவரே, உண்மையை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். அதற்கு அந்தச் சமையலறைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் தந்தை இறந்தபோது எங்கள் வழக்கப்படி கோட்டையை மூன்று மகன்களுக்கும் பிரித்தார்கள். ஃபோல்ராட், கூனோ, கடைசியாக ஹார்ட்ராட் ஆகிய நான். ஆளுக்கொரு சமையலறை கட்டி, முற்றத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கிணறு ஃபோல்ராடின் பக்கம் போனது. என் தாய் வாளியோடு நின்று, தண்ணீர் எடுக்க மூத்த மகனிடம் அனுமதி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். நான்காவது ஆண்டு, கோட்டுக்கு மேல் சாய்ந்திருந்த ஒரு பேரிக்காய் மரத்துக்காக ஃபோல்ராட் கூனோவை வெட்டிக் கொன்றான். வெட்டியவனும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை, காய்ச்சல். இருவருக்கும் பிள்ளை இல்லாததால் எல்லாம் என்னிடம் வந்தது. அந்தச் சுண்ணாம்பை நானே என் கையால் தேய்த்துக் கழுவினேன்.

அதனால்தான் எனக்கும் கிஸ்லாவுக்கும் இரண்டாவது மகன் பிறந்தபோது பயந்தேன். மூத்தவன் எம்மெரிக்குக்கு அப்போது மூன்று வயது. சின்னவனுக்கு டீத்தர் என்று பெயர் வைத்தோம். ஏழு வயதானதும் அவனை உங்கள் மடத்துக்குக் கொடுத்துவிட்டேன். துறவிக்குச் சொத்தில் பங்கு கிடையாது. குதிரையில் என் முன்னால் உட்கார்ந்து வந்தவன் வழியிலேயே என் மார்பில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவன் எச்சில் என் மேலங்கியை நனைத்திருந்தது. உங்கள் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அந்த ஈரம் காய்ந்துவிடக் கூடாது என்று கையால் மூடிக்கொண்டே வந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பத்து ஆண்டுகள் போயின. சென்ற குளிர்காலத்தின் கடைசியில், இறுதி உறுதிமொழி எடுக்காமலே அவன் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான். கிஸ்லா பட்டாணிக் கூழை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

“அங்க சிரிக்கக்கூடாதும்மா. சிரிச்சா அன்னைக்கு மீன் கிடையாது. பத்து வருஷமா நான் மீனையே பார்க்கல,” என்றான்.

“அதான் இப்படி எலும்பா வந்து நிக்கிறியா,” என்றாள் அவள்.

எம்மெரிக் தம்பியின் மழித்த உச்சந்தலையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். “மேற்குக் கோபுரத்தை நீ எடுத்துக்கடா. ஆத்தோரக் காடும் உனக்குத்தான். எனக்கு வேட்டைக்கு ஒரு துணை கிடைச்சா போதும். என்னப்பா, சரிதானே?”

டீத்தர் என்னைப் பார்த்தான். “அப்பா முகத்தைப் பார்த்தா மடமே தேவலாம் போல இருக்கு,” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள் என்பதை மறுக்கவில்லை. ஃபோல்ராடும் கூனோவும்கூடச் சிறுவயதில் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள்தான்.

எட்டு நாட்கள் யோசித்தேன். கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை.

ஒன்பதாம் நாள் காலை டீத்தரை மட்டும் பன்றி வேட்டைக்குக் கூப்பிட்டேன். பிள்ளைக்கு அவ்வளவு மகிழ்ச்சி. லான் ஆறு உறைந்து கிடந்தது. கரையில் கரி சுடுகிறவன் ஒருவன் தன் சறுக்குவண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். “ரெண்டு நாளா பனி அடியில முனகுதுங்க ஐயா. சுத்திப் பாலம் வழியாவே போயிடுங்க,” என்றான். டீத்தர் தூரத்தில் நாய்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான்; அவன் காதில் விழவில்லை. கரிக்காரன் மரங்களுக்குள் மறையும்வரை காத்திருந்தேன்.

“தாங்குமாப்பா?” என்று வந்து கேட்டான் டீத்தர்.

“தாங்கும். நீ முன்னால போ.”

பன்னிரண்டு அடிதான் எடுத்து வைத்திருப்பான்.

பனி இளகிய பிறகு ஆற்றோர மாவு ஆலைக்குக் கீழே உடல் கிடைத்தது. கிஸ்லா அவன் காலணியைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், சூடு வந்துவிடும் என்பதுபோல. பிறகு என்னிடம், “கடைசியா ஏதாவது சொன்னானா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அதன்பின் அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. எம்மெரிக், தம்பியின் இடத்தில் தான் இருக்கப்போவதாகச் சொல்லி உங்களிடம் வந்து தலையை மழித்துக்கொண்டான். கரிக்காரன் அவனிடம் என்ன சொன்னானோ தெரியாது. இன்று நான் வந்ததைச் சொல்லியும் அவன் அறையைவிட்டு வரவில்லை என்று உங்கள் வாயில்காப்பவர் சொன்னார்.

கிஸ்லாவுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அவன் பேசினான். பனி விளிம்பை இரண்டு முழங்கைகளாலும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் தலையை மேலே வைத்திருந்தான். என் கையில் பன்றி ஈட்டி இருந்தது. ஆளைவிட நீளமானது. கொஞ்சம் முன்னே ஊர்ந்து, படுத்தபடி நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அப்போதே அளந்து பார்த்துவிட்டேன். என்னையறியாமல் ஓர் அடி எடுத்தும் வைத்தேன். அதை அவன் பார்த்துவிட்டான்.

“வராதீங்கப்பா. உடையுது. நீங்க அங்கேயே நில்லுங்க,” என்றான்.

நின்றேன். வாழ்நாளில் அவன் என்னிடம் வேண்டிக் கேட்டது அது ஒன்றுதான். நான் மறுக்கவில்லை.