நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம்

பலகை வாங்குகிறவர்கள் எல்லோரும் அதன் முகத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அங்கேதான் தெரியும். ரேகை ஓடும் திசையில் நீட்டி வைத்தால் பலகை ஆளைத் தாங்கும். குறுக்கே வெட்டி வைத்தால் பிஸ்கட் மாதிரி பிட்டுக்கொண்டு போகும். முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த விஷயம். உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். படிக்கட்டு விபத்து பற்றிய உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை நேற்று என் கைக்கு வந்தது. நான்காம் பக்கம், மூன்றாம் பத்தியில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். தேநீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில் கட்டடக்கலை படிக்கிற ஒருவரையும் பொறியியல் படிக்கிற ஒருவரையும் ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒருவர் வரைய வேண்டும். அது நிற்குமா என்று மற்றவர் கணக்குப் போட வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து அதை நிஜ அளவில் கட்டிக் காட்ட வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவள் பென்சில். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு அதையே அறை முழுக்கத் தேடுவாள், அதனால் அந்தப் பெயர். எனக்கு அவள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. பிரியமாகத்தான் கூப்பிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அவள் ஒரு படிக்கட்டு வரைந்தாள். சுவரிலிருந்து பதினான்கு வெள்ளைப் படிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே முட்டுக் கிடையாது, பக்கத்தில் கைப்பிடி கிடையாது. கைப்பிடி வேண்டும் என்று நான் இரண்டு முறை சொன்னேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"கைப்பிடி வச்சா வெறும் ஏணி மாதிரி ஆயிடும்டா," என்றாள்.

"விழுந்தா?"

"நீதான் கணக்குப் போட்டிருக்கியே, அப்புறம் எப்படி விழும்?"

அந்தப் படிக்கட்டுக்கு நாற்பத்தொரு பக்கம் கணக்குப் போட்டேன். ஒரு திருகாணியைக் கூட விடவில்லை. இடைப்பருவத் தேர்வு நாளில் மூன்று பேராசிரியர்கள் ஜூரியாக உட்கார்ந்தார்கள். நிழல் எப்படி விழும், வெள்ளையில் எந்த வெள்ளை என்றெல்லாம் அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் என் தாள் கட்டை நீட்டினேன். மூத்தவர் அதை வாங்கி மேசையில் போட்டு, அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மாடலை மறைக்கிறீங்க," என்றார். முதல் பக்கத்தில் அந்த வட்டக் கறை இன்னும் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன், யாருக்கும் எரியும்.

படிகளைக் கட்டி முடித்ததும் ஒவ்வொன்றின் மேலும் எண்பது கிலோ மணல் மூட்டை வைத்து ஒரு மணி நேரம் சோதித்தோம். பதினான்கும் தாங்கின. மரப்பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சோதனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகப் போய்ப் பென்சிலுக்குக் கை கொடுத்தார். "பறக்கற மாதிரி இருக்கும்மா," என்றார். தாங்கியது கணக்கு. பாராட்டு படத்துக்கு. நான் மூட்டைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வரைந்தவர்தான் முதல் கால் வைக்க வேண்டும், அதுவும் ஜூரியின் முன்னால். அதுவரை வேறு யாரும் ஏறக்கூடாது, சோதனை எல்லாம் மூட்டையோடு சரி. கணக்குப் போட்டவர் கீழே நிற்பார். ஏன் என்று கேட்டிருக்கிறேன், எப்போதும் அப்படித்தான் என்றார்கள்.

இறுதித் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு டிரில்லிங் மெஷின் பதினொன்றாம் படியின் மேல் விழுந்து விளிம்பு பெயர்ந்துவிட்டது. பட்டறையில் இதெல்லாம் சகஜம்.

"புதுசா ஒண்ணு வெட்டிப் போட்டுரு தம்பி. ரேகை பாத்து வெட்டு," என்றார் அண்ணன். "மூட்டை வச்சு இன்னொரு தடவை பாத்துரலாமா?"

"அதே பலகை, அதே அளவுண்ணே. பெயின்ட் காயவே நேரம் பத்தாது," என்றேன். என் பேச்சை அவர் நம்புவார். கணக்கில் நான் கெட்டி என்பது பட்டறைக்கே தெரியும். அவர் மீது உங்கள் அறிக்கை குற்றம் சொல்லவில்லை, அது சரியான முடிவு.

மிச்சப் பலகைத் துண்டு ஒன்றுதான் கிடைத்தது, படியின் நீளத்தை அதில் குறுக்காக வைத்தால்தான் கொள்ளும், அவசரத்தில் அப்படியே வெட்டிவிட்டேன். குழு கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். குழு கேட்கவில்லை. முழுப் பலகை ஒன்று கதவுக்குப் பின்னால் இருந்தது. அதை அங்கே நகர்த்தி வைத்தது நான்தான். குறுக்கே வெட்டினேன், வெள்ளை பூசினேன். காய்ந்ததும் பதினான்கும் ஒரே மாதிரி இருந்தன. வேலை சுத்தமாக வந்திருந்தது.

அன்று மத்தியானம் பென்சில் அச்சகத்திலிருந்து வரைபட ஷீட்டுகளோடு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. உன் எடை எவ்வளவு என்று கேட்டேன்.

"பொண்ணுங்ககிட்ட கேக்குற கேள்வியாடா இது? நாப்பத்தெட்டு. சாப்பிட்டா அம்பது."

"சும்மாதான்."

"கணக்குப்பிள்ளை சும்மா எதையும் கேக்க மாட்டானே," என்று சிரித்துவிட்டு, என் பாட்டிலில் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்த்தாள்.

எனக்கு அவள் மேல் கோபம் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். படி லேசாக விரிசல் விட வேண்டும், ஒரு சத்தம் கேட்க வேண்டும், அவள் பயந்து அப்படியே உட்கார வேண்டும். ஜூரி என் பக்கம் திரும்பி, கணக்கு என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டும். நான் நினைத்தது இவ்வளவுதான்.

தேர்வு காலை பத்து மணிக்கு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஷீட்டைத் துணி போட்டு மூடி மாட்டியிருந்தாள். துணியை எடுத்ததும் பார்த்தேன். இரண்டு பெயர்கள், என் பெயர் மேலே இருந்தது. எழுத்தின் அளவு கூட ஒன்றுதான்.

"சார், நான் வரைஞ்சது மட்டுந்தான். இது நிக்குதுன்னா அதுக்கு இவன்தான் காரணம்," என்றாள். "நாப்பத்தோரு பக்கம் சார். எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். பாதி புரியல."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்த பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏற ஆரம்பித்தாள். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினாள். எனக்குப் பத்துப் படி அவகாசம் இருந்தது. அவள் நான்காம் படிக்கு வந்தபோது வாயைத் திறந்தேன். இறங்கு என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது? என் பெயர் அப்போதுதான் மேலே வந்திருந்தது. ஏழில் அவள் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். எட்டு, ஒன்பது. பத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள். "என்னடா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? தாங்கும்டா," என்றாள்.

சத்தம் பெரிதாக இல்லை. இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான உயரம், கீழே சிமெண்டுத் தரை. கழுத்து முதலில் பட்டது. எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலை லாரி வந்து எடுத்துப் போய்விட்டது. அதனால்தான் உங்கள் குழுவுக்கு ஆராயக் காகிதம் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போனேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவள் அம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "நீ போட்ட கணக்கெல்லாம் இவ எங்கிட்ட பெருமையா சொல்லுவாப்பா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உங்கள் குழுவிடம் அவள் சொன்னதை அறிக்கையின் பின்னிணைப்பில் படித்தேன். "கணக்கு தப்பா இருக்காது சார். அவன் தப்பாப் போட மாட்டான். என் படந்தான் தப்பு."

நீங்கள் அவள் பேச்சை எடுத்துக்கொள்ளவில்லை. நான்காம் பக்கத்தில், விபத்துக்குக் காரணம் கணக்கீட்டுப் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் வந்தேன். ஒரு இரவு முழுக்க யோசித்தேன், இதை மட்டும் என்னால் விட்டுவிட முடியவில்லை.

இந்தத் தாளைப் பாருங்கள். இது நாற்பத்திரண்டாம் பக்கம், தாள் கட்டோடு சேர்க்காதது. தேதி மேலே இருக்கிறது, டிரில்லிங் மெஷின் விழுந்ததற்கு முந்தின நாள். மெஷின் என் கையில்தான் இருந்தது, நான்தான் விட்டேன். மூன்றாம் படி என்றால் குதித்துவிடுவாள். பதினான்காம் படி என்றால் மேல்தளத்தைப் பிடித்துக்கொள்வாள். அதனால் பதினொன்று. குறுக்கு ரேகை, பலகையின் அகலம், கனம், சுவரிலிருந்து கால் விழும் தூரம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நாற்பது கிலோவில் முழுசாக உடையும் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறேன். அவள் எடையை மறுநாள் கேட்டு, ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். உடைந்தது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. மற்றப் பதிமூன்று படிகளும் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன, வேண்டுமானால் ஏறிப் பாருங்கள்.

திருத்திய அறிக்கையின் ஒரு பிரதியை அவளுக்கும் அனுப்பிவிடுங்கள். யாராவது தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்ட வேண்டியிருக்கும். கணக்கு சரிதான் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவாள்.