மாடிக்குப் போன கொடிமரம்

கடலோரத்தில் தேக்கு மரத்தை நட்டு வைப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை அதற்கு மீன் எண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் உப்புக்காற்று அடியிலிருந்து தின்றுகொண்டே வரும். ராஸ் ஸுமைர் தூதரகத்துக் கொடிமரம் அப்படித்தான் உளுத்துவிட்டது, அதனால் முற்றத்திலிருந்து பிடுங்கி மாடியில் நட்டேன் என்று 1926 ஜூனில் மேலிடத்துக்கு எழுதினேன். பன்னிரண்டு வருடம் அந்த அறிக்கையை யாரும் கேள்வி கேட்கவில்லை. இப்போது நீங்கள், நேற்று அமைச்சகத்தில் சேர்ந்தவர், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டு, மரம் உண்மையிலேயே உளுத்திருந்ததா என்று கேட்கிறீர்கள். கோபம்தான் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

உளுக்கவில்லை.

முதலில் என் உத்தியோகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடம், வளைகுடாவின் இரு கரையிலும். பஸ்ராவில் காலரா, பூஷஹரில் கண்நோய். என்னோடு சேர்ந்தவர்கள் ரோமிலும் வியன்னாவிலும் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது ராஸ் ஸுமைர். முத்துக்குளிக்கும் ஊர், ஒரு ஷேக், நாலாயிரம் ஜனங்கள், ஊருக்கு வெளியே ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. எங்கள் அதிகாரிகளை அங்கே பாலியோஸ் என்பார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் பாலியோஸ், நானும் பாலியோஸ். பெயர்கூட மிஞ்சாத உத்தியோகம்.

அந்தக் கொடிமரத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. அடிமையாக இருக்கும் எவரும் முற்றத்துக்குள் ஓடிவந்து அதைக் கட்டிப்பிடித்துவிட்டால் நாங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்போம். யார் எப்போது ஆரம்பித்ததோ, ஊரே அதை மதித்தது. துரத்தி வரும் எஜமான்கூட வாசலிலேயே நின்றுவிடுவான். முப்பத்தொரு பேருக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரத்துக்கு வெள்ளைச் சாயம் அடிப்போம். நெஞ்சு உயரத்தில் மட்டும் அது சீக்கிரமே தேய்ந்து மரம் தெரியும்.

அந்த வருடம் ஷேக் முஹைருடன் பெட்ரோலிய எண்ணெய் ஒப்பந்தம். இரண்டு வருடப் பேச்சு. எத்தனை காப்பி, எத்தனை ஆட்டுக்கறிச் சோறு. கடைசியில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் முத்திரை வைப்பதாகச் சம்மதித்தார். கூடவே ஒன்று சொன்னார். "என் குடும்பத்து ஆள் இன்னொருத்தர் உங்க மரத்தைத் தொட்டா, முத்திரை என் இடுப்பிலயே இருக்கும், பாலியோஸ்." முந்தைய மாதம்தான் அவருடைய அடிமைகளான முத்துக்குளிப்பவர்கள் இருவர் எங்களிடம் ஓடிவந்திருந்தார்கள்.

தூதரகத்துக்குத் தண்ணீர் சுமந்தவள் மப்ரூக்கா. ஷேக்கின் அக்காவுக்குச் சொந்தமானவள். அவளுக்கு மர்ஜான் என்று பதினாலு வயதில் ஒரு மகள். ஷேக்கின் அக்கா அந்தப் பெண்ணைப் பாலைவனத்துக்கு உள்ளே இருக்கும் ஒரு வியாபாரிக்கு விற்கப் பேசி முடித்திருந்தாள். பெண் அப்போது பேரீச்சந்தோப்பில் வேலையாக இருந்தாள்; வியாழக்கிழமைதான் ஊருக்குத் திரும்புவாள். அன்று தாயும் மகளும் சேர்ந்து ஓடிவரப்போகிறார்கள் என்பது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

புதன்கிழமை நடுப்பகலில், ஊர் கதவடைத்துத் தூங்கும் வெயிலில், துறையில் நின்ற எங்கள் கப்பலின் ஆட்கள் ஆறு பேரை வைத்து மரத்தைப் பிடுங்கி மாடிக்கு ஏற்றினேன். மாடிப்படிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. பதினொரு வருடமாக என்னிடம் எழுத்தராக இருந்த பூஷஹர்க்காரர் மிர்சா ஷுக்ருல்லா பார்த்துக்கொண்டே நின்றார். அவர் எழுதிய புகார்தான் இப்போது உங்கள் பையில் இருக்கிறது. மரத்தின் அடியை விரலால் தட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கே ஐயா," என்று மட்டும் அன்றைக்குச் சொன்னார்.

வியாழன் மாலை அவர்கள் வந்தார்கள். முற்றத்தில் பாதி தூரம் ஓடிவந்த பிறகுதான் மரம் இல்லாததை மப்ரூக்கா கண்டாள். மரம் நின்ற குழியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்த கல்மேடை இருந்தது. அதன்மேல் மகளைத் தள்ளி, அவள்மேல் தானும் விழுந்து, கல்லைக் கட்டிக்கொண்டாள். துரத்தி வந்தவர்கள் வழக்கப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே வரலாம் என்று அவர்களுக்குச் சொன்னவன் நான்தான்.

மேடை வேறு, மரம் வேறு. மரம் மாடியில் இருந்தது, கொடி பறந்துகொண்டிருந்தது, எந்த வழக்கத்தையும் நான் ரத்து செய்யவில்லை. மிர்சா பத்திரமும் மையுமாக ஓடிவந்தார். "கையெழுத்துப் போடுங்க ஐயா. மரம் எங்க இருந்தா என்ன, அவ நம்பி வந்தது இங்கதானே?" நான் போடவில்லை. இருவரையும் நல்லபடியாக நடத்தும்படி ஷேக்கின் அக்காவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன். மரியாதையாக எழுதப்பட்ட கடிதம்.

வெள்ளிக்கிழமை முத்திரை விழுந்தது. அடுத்த புத்தாண்டில் எனக்கு 'சர்' பட்டம். கடைத்தெருவில் மீன் விற்கிறவன்கூட என்ன பேசினான் தெரியுமா? "பாலியோஸ் தன் மரத்துக்குப் பர்தா போட்டுட்டாரு. யாரும் தொட்டுடக் கூடாதுன்னு மாடியில பூட்டி வச்சிருக்காரு." இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு எரிகிறது. மிர்சா சாவிக்கொத்தை என் மேஜைமேல் வைத்தார். "முப்பத்தொரு பேருக்கு எழுதிக் கொடுத்த கைன்னு ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமை பேசினேன். என் நாக்கை அறுத்துக்கணும் போல இருக்கு," என்றார். பதினொரு வருடம் என் உப்பைத் தின்றவர் பேசுகிற பேச்சா அது?

மர்ஜானை மறுவாரமே ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை மப்ரூக்கா வழக்கம்போல் தண்ணீர் கொண்டுவந்தாள். முதல் குடத்தை அந்தக் குழிக்குள் ஊற்றினாள். மற்றதைச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். தினமும் அப்படித்தான், ஒரு வாய் நல்ல தண்ணீருக்கு அலையும் ஊரில். குழியைச் சிமென்ட் போட்டு மூடச் சொன்னேன். சிமென்ட்டின்மேல் ஊற்றினாள். மூன்று வருடம், நான் ஊரைவிட்டுக் கிளம்பும் நாள்வரை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை. இது மிர்சாவுக்கே தெரியாது; புகாரில் தேடாதீர்கள். காலையில் மப்ரூக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு மரத்தருகே நின்றாள். முற்றத்தில் நாங்கள் இருவர்தான். "ஐயா, நான் இப்பவே புடிச்சிட்டா எம் பொண்ணுக்கும் சேர்த்து எழுதுவீங்களா?" என்று கேட்டாள். கையை நீட்டினால் மரம். எழுதலாம். தாய்க்கு எழுதும்போது வயது நிரம்பாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இருந்தது. முன்பு நான்கு முறை செய்திருக்கிறேன்.

"அவசரப்படாதே. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து தொடணும், அதுதான் விதி," என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. வியாழக்கிழமை பெண் வந்துவிடுவாள், அன்றே கூட்டி வருகிறேன் என்று அவளே நாள் குறித்தும் கொடுத்தாள். என் கையை முத்தமிட்டாள். வெறுங்குடத்தோடு அவள் தெருமுனை திரும்புவதற்குள் கப்பல் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் ஓய்வு பெற்றபோது தூதரகத்துக்கு இரும்புக் கம்பம் வந்துவிட்டது. பழைய மரத்தைக் கேட்டு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தேன். அதோ ஜன்னல் வழியே தெரிகிறதே, ரோஜாச் செடிகளுக்கு நடுவில். வருடா வருடம் நானே வெள்ளையடிக்கிறேன். ஒன்பது வருடமாகிறது, நெஞ்சு உயரத்தில் இம்மிகூடத் தேயவில்லை. தோட்டத்துக் கதவை நான் பூட்டுவதே இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து தொடட்டும். நான் ஒருநாளும் யாரையும் தடுத்தவன் இல்லை.