சரணை ஏன் பூட்டினேன்

எங்கள் வீட்டு மாடி அறை துணி காயப்போட நல்ல இடம், சார். தகர ஷீட் போட்ட கூரை. மே மாதத்தில் ஈரத்துண்டு கால் மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும்.

என் தம்பி சரண் ஐந்து வருடம் கஞ்சா அடித்தான். பொங்கலன்று விட்டுவிட்டதாகச் சொன்னான். விட்டவன் எப்படி இருக்க வேண்டும்? இவனுக்குக் கை நடுங்கியது. தூக்கமே இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்துபோவான். தெருவில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்பான்.

போன வாரம் ஆவடியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். சிறுநீர் சோதனையில் ஒன்றும் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் விட்டுட்டார். ஆனா உடம்பும் மனசும் சரியாக மாசக்கணக்குல ஆகும். பொறுமையா இருங்க" என்றார்.

வெளியே வந்ததும் சரண் கேட்டான்: "இன்னாண்ணா சொன்னாரு?"

"நீ இன்னும் இழுத்துகினுதான் கீறன்னு சொன்னாரு."

அவன் சண்டை போடவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "அட்ச்சிட்டு மறந்துட்டேனா?" என்றான்.

ரிப்போர்ட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். எனக்குக் கோபம், சார். ஐந்து வருடக் கோபம். அவன் நிஜமாகவே விட்டுவிட்டான் என்றால் அதை நான் யார் மேல் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து ரேகாவின் அப்பா வந்தார். ரேகா எனக்குப் பேசியிருந்த பெண். சரண் காபி கொடுத்தான். கை நடுங்கி அவர் வேட்டியில் கொட்டிவிட்டான். "என்னப் பத்திதான பேசிகினு இருந்தீங்க?" என்று அவரையே கேட்டான். மறுநாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மா நசரத்பேட்டையில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். காலை ஏழு மணிக்குச் சரணை மாடி அறையில் தள்ளிப் பூட்டினேன். ஒரு பாட்டில் தண்ணீர் வைத்தேன். அங்கே ஃபேன் ஓடாது என்பது எனக்குத் தெரியும். வெளியே போய் இழுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி லேத் மெஷினில் வேலையாக நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தான்.

"இளங்கோண்ணா, தண்ணி தீந்துபோச்சு. நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்குது. கண்ணு இருட்டுது. நான்தான் அட்ச்சேன், ஒத்துக்கிறேன். கதவத் தொறண்ணா."

நாலு மாதமாக அவன் வாயிலிருந்து அதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். போனை அணைத்துவிட்டேன்.

எஸ்டேட்டிலிருந்து திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்கு பைக்கில் கால் மணி நேரம்தான். சாப்பாட்டு இடைவேளை இருந்தது. தயிர்சாதம் சாப்பிட்டேன். அன்று பசியும் நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டைத் திறந்தேன். கதவு நகரவில்லை. உள்பக்கம் அவன் அதன் மேலேயே சாய்ந்து கிடந்தான். தோள் கொடுத்துத் தள்ளித்தான் உள்ளே போனேன். மூச்சு இல்லை. உடம்பு மட்டும் சுட்டது.

அவனை நான் ஒரு அடிகூட அடிக்கவில்லை. பூட்டியது நான். டாக்டர் சொன்னதை மறைத்தது நான். அவன் கூப்பிட்டும் போகாதவன் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தம்பியைக் கஞ்சாதான் கொன்றது என்று முதல் வரியில் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.